பீலிக்கு ஒரு நாள்

புரட்டாதி பிறந்துவிட்டது. வெயில் இன்னும் தணிந்தபாடில்லை. கிணற்று நீரும் அடியிலேதான் கிடக்கின்றது. இந்த வேளையில் மழையைப் பற்றிப் பேசுவது சிலருக்கு நகைப்பாகத் தோன்றலாம். எனினும், மாரி மழையை நம்பி வாழும் வடக்கு, கிழக்குப் பகுதியினருக்கு இன்னும் சில வாரங்களே தவணை உண்டு. ஐப்பசியில் முதற் பாட்டம் மழை கொட்டும்போதுதான் வீட்டுக்குக் கூரை என்று ஒன்று இருப்பது நம்மிற் பலருக்கு நினைவுக்கு வருகின்றது. அக்கூரையின் ஓரத்திலே பீலி என்று ஒன்று இருப்பதோ, அது நிரம்பிச் சுவரில் வழியும்போதுதான் நினைவுக்கு வருகின்றது.

வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்பார்கள். அணை கோலுவது இருக்கட்டும். பீலியிலே கிடக்கும் இலையை அள்ளுவதற்காவது நாம் மழைக்கு முன்னே ஒரு நாளை ஒதுக்குகின்றோமா? இவ்வாரம் அதைப் பற்றியே நேயர்களுடன் பேச எண்ணினோம். அதற்கு ஒரு காரணமும் உண்டு.

எமது அயலிலே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கின்றார். ஊரார் அவரை மாஸ்ரர் என்றே அழைப்பர். எழுபது வயதைக் கடந்த பின்பும் நாள் தவறாமற் சைக்கிளிலே சந்தைக்குச் சென்று, மரக்கறி வாங்கி, நாலு பேரோடு நாட்டு நடப்பையும் பேசித் திரும்புபவர். பிள்ளைகள் மூவரும் கடல் கடந்து வாழ்கின்றனர். பெரிய வீட்டிலே அவரும் மனைவியாரும் மட்டுமே இருக்கின்றனர்.

சென்ற ஆண்டு ஐப்பசியில் ஒரு மாலைப் பொழுது, நல்ல மழை. வீட்டின் பின்புறத்திலே பீலி நிரம்பி, நீர் சுவரோடு வழிந்து அறைக்குள்ளும் கசியத் தொடங்கிற்று. மழை சற்று ஓய்ந்ததும் மாஸ்ரர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். “இஞ்சாருங்கோ, இருட்டிப் போச்சு, விடிய ஆரையும் கூப்பிடுவம்” என்று மனைவியார் தடுத்தார். “ஒரு நிமிச வேலையப்பா” என்றார் மாஸ்ரர். பாசி படிந்த சீமெந்துத் தரையிலே ஏணியின் கால் வழுக்கிற்று. இடுப்பெலும்பு முறிந்தது. மறுநாள் அயலவர் ஏறிப் பார்த்தபோது, குழாயின் வாயிலே ஒரு பிடி வேப்பிலையும், எந்தக் காலத்திலோ சிறுவர் எறிந்த ஒரு பந்தும் அடைத்துக் கிடந்தன.

மாஸ்ரர் இன்று ஊன்றுகோலுடன் நடக்கின்றார். சைக்கிள் விறாந்தையிலே சாத்தியபடி நிற்கின்றது. “ஒரு பிடி இலைக்கு ஒரு காலைக் குடுத்திட்டன்” என்று சிரித்தபடியே சொல்வார். கேட்கும் எமக்குத்தான் சிரிப்பு வருவதில்லை.

இதிலே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மாஸ்ரரை வீழ்த்தியது பீலியன்று, அவசரம். வெயில் நாளிலே இருவர் சேர்ந்து அரை நாளிற் செய்திருக்கக்கூடிய வேலையை, மழைநாளிலே, இருட்டிலே, தனியாளாய், ஒரு நிமிடத்திற் செய்ய முற்பட்டதே தவறு. பீலி துப்புரவு மழைக்கு முன் செய்யும் வேலை. மழைக்குள் செய்யும் வேலையன்று.

ஏன் இத்தனை கவலை?

கூரையில் விழும் நீர் எவ்வளவு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1,000 சதுர அடிப் பரப்புள்ள கூரையிலே ஓர் அங்குல மழை பெய்தால், ஏறக்குறைய 520 கலன், அதாவது 2,360 லீற்றர் நீர் வடிகின்றது. மாரியில் ஓர் இரவிலே இதனிலும் பன்மடங்கு பெய்வது புதுமையன்று. இவ்வளவு நீரும் பீலி வழியே ஒழுங்காக இறங்கினால் வீடு பிழைக்கும். அடைபட்டாலோ, சுவர் ஊறும், வெண்சுண்ணம் உரியும், கைமரத்தின் நுனி உக்கும், உக்கிய மரத்தைக் கறையான் நாடும், சுவரடியில் மண் கரைந்து அத்திவாரமும் பழுதாகும்.

பீலி சுமக்கும் பாரமும் சிறிதன்று. 4 அங்குல அகலமும் 4 அங்குல ஆழமும் 30 அடி நீளமும் உள்ள பீலியொன்று வடியாமல் நிரம்பி நின்றால், அந்நீரின் நிறை மட்டும் 94 கிலோகிராம் அளவாகும். வளர்ந்த ஆள் ஒருவர் பீலியைப் பிடித்துத் தொங்குவதிலும் இது பெரும்பாரம். பீலி வளைவதும், தாங்கிகள் கழன்று வீழ்வதும் இதனாலேயே.

எல்லாவற்றிலும் பெரிய கேடு நுளம்பு. 2017ஆம் ஆண்டிலே எமது நாட்டில் ஓர் இலட்சத்து 86 ஆயிரம் பேர் வரையில் டெங்குக் காய்ச்சலுக்கு உள்ளானதையும், நானூறு பேருக்கு மேல் மாண்டதையும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். முற்றத்திலே கிடக்கும் சிரட்டையையும் தயிர்ச் சட்டியையும் கவிழ்த்து வைக்கும் தாய்மார், தலைக்கு மேலே இருக்கும் பீலியை அண்ணாந்து பார்ப்பதில்லை. இலை அடைத்த பீலியிலே தேங்கும் நீர், டெங்கு நுளம்புக்கு உகந்த தொட்டில். முட்டை பொரித்து, குடம்பியாகிக் கூட்டுப்புழுவாகி, நுளம்பாய்ப் பறப்பதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை போதும்.

இன்னொரு செய்தியும் உண்டு. இந்நுளம்பு தன் முட்டைகளை நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, பாத்திரத்தின் பக்கங்களில் ஒட்டிவிடுகின்றது. நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதம் உயிரோடிருந்து, அடுத்த மழை நீர் பட்டதும் பொரிக்கின்றன. ஆகவே இலையை அள்ளி எறிந்தால் மட்டும் போதாது. பீலியின் பக்கங்களையும் தேய்த்துக் கழுவ வேண்டும். நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்க 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் இருக்கின்றது. ஆயினும் சட்டத்துக்கு அஞ்சிச் செய்வதிலும், வீட்டுப் பிள்ளைகளை எண்ணிச் செய்வது மேல்.

எப்போது செய்வது?

வடக்கு, கிழக்கில் உள்ளோர் புரட்டாதியில் ஒரு முறையும், மாரி கழிந்து தையில் ஒரு முறையும் செய்தல் நன்று. வேம்பும் இலுப்பையும் மாசி, பங்குனியில் இலையுதிர்ப்பவை. அவ்விலைகள் கோடை முழுவதும் பீலியிலே காய்ந்து, தூசியோடு சேர்ந்து கிடக்கின்றன. முதல் மழையிலே ஊறிச் சேறாகிக் குழாயை அடைக்கின்றன. வளவிலே இம்மரங்கள் நிற்குமாயின் சித்திரையிலும் ஒரு தடவை பார்ப்பது நலம். கொழும்பிலும் மலையகத்தின் மேற்குப் புறத்திலும் வாழ்வோர், வைகாசியில் தொடங்கும் தென்மேல் மழைக்கு முன்னே ஒரு முறையும், ஐப்பசிக்கு முன்னே ஒரு முறையும் செய்துகொள்ளலாம். மழைக்காலத்திலோ, வாரம் ஒரு தடவை நிலத்தில் நின்றபடியே பார்க்க வேண்டும். மழை பெய்கையில் குழாயின் அடியில் நீர் வராமல் விளிம்பால் வழிந்தாலும், மழை விட்ட பின்பு நெடுநேரம் சொட்டிக்கொண்டிருந்தாலும், அடைப்பு உண்டென்று அறியலாம்.

நாள் குறித்தாயிற்று. காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடைப்பட்ட வேளை நல்லது. பனியும் காய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிராது. காற்று வீசும் நாளையும், தரை ஈரமாயிருக்கும் நாளையும் தவிர்த்துவிடுங்கள்.

ஏணியிலே கால் வைக்குமுன்

முதலில் ஏணியைச் சோதியுங்கள். மூங்கில் ஏணியாயின் படிகளிற் கறையான் அரித்திருக்கின்றதா, கட்டுக் கயிறு உக்கியிருக்கின்றதா என்று பாருங்கள். அலுமினிய ஏணியாயின் காலடி இறப்பர்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஐயம் இருந்தால் அந்த ஏணி வேண்டாம். மேசைமேல் நாற்காலியை வைத்து ஏறுவதைக் கனவிலும் நினையாதீர்கள்.

ஏணியைச் சாத்துவதற்கு ஒரு கணக்கு உண்டு. 4 அடி உயரத்துக்கு 1 அடி என்ற அளவில் அடிப்பாகம் சுவரிலிருந்து விலகியிருக்க வேண்டும். ஏணி சாய்ந்து தொடும் இடம் 12 அடி உயரமாயின், அடிக்கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி நிற்க வேண்டும். இதனிலும் நிமிர்ந்து நின்றால் ஏணி பின்னே சாயும். இதனிலும் படுத்தால் கால் வழுக்கும். தரை உறுதியாகவும் மட்டமாகவும் இருத்தல் வேண்டும். ஒரு காலுக்குக் கல் வைத்து உயர்த்துவது ஆபத்து. மண்ணை வெட்டி மட்டமாக்குவதே முறை. பாசி படிந்த சீமெந்தைத் தேய்த்துக் காயவிட்ட பின்பே ஏணியை வைக்க வேண்டும்.

ஏணியைப் பீலியிலே சாத்தக்கூடாது. தகரப் பீலி நசுங்கும். பிளாஸ்ரிக் பீலி வளைந்து ஏணியைப் பக்கவாட்டிலே சறுக்கவிடும். உறுதியான சுவரிலோ, கூரையைத் தாங்கும் மரத்திலோ சாத்தி, முடிந்தால் மேற்பகுதியைக் கயிற்றாற் கட்டிவிட வேண்டும். கூரை நன்கு முன்னே நீண்டிருந்து சுவரிற் சாத்த முடியாதாயின், தானே நிற்கக்கூடிய மடக்கேணியே தகுந்தது.

மின்கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. தெருத் தூணிலிருந்து வரும் கம்பி பல வீடுகளிலே கூரை விளிம்பை ஒட்டியே வருகின்றது. வீட்டின் பிரதான ஆளியை நிறுத்திவிட்டால் பயமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. ஆளியை நிறுத்தினாலும், தூணிலிருந்து மீற்றர் வரையுள்ள கம்பியிலே மின்சாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். அலுமினிய ஏணி மட்டுமன்று, ஈரமான மரமும் மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். கம்பிக்கு 10 அடிக்குள் ஏணியையோ நீண்ட தடியையோ கொண்டுபோக வேண்டாம். அப்பகுதிப் பீலியைத் துப்புரவாக்க வேண்டுமாயின், மின்சாரம் வழங்கும் அலுவலகத்துக்கு அறிவித்து, அவர்கள் சொல்லும்படி செய்க.

ஏறுபவரின் உடையும் கவனத்துக்குரியது. சண்டிக்கட்டாகக் கட்டிய சாரம் ஏணியின் நடுவிலே அவிழ்ந்தால் கை எதைப் பிடிக்கும்? காற்சட்டையும், அடி வழுக்காத சப்பாத்தும் அணிக. குளியலறைச் செருப்பு கூடாது. கையிலே தடித்த இறப்பர் உறை வேண்டும். சேற்றினுள்ளே உடைந்த ஓடும், துருப்பிடித்த ஆணியும், மட்டத்தேளும் இருக்கக்கூடும். எலியும் பறவையும் எச்சமிடும் இடமாதலின், வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொள்வதும், வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கழுவுவதும் அவசியம். குளவிக்கூடு உண்டா என்பதைக் கீழிருந்தே நன்கு பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் முதன்மையான விதி, தனியே ஏறாதிருத்தல். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. கீழே நிற்பவரின் வேலை ஏணியைப் பிடிப்பதும் மேலே பார்த்திருப்பதுமே, தொலைபேசியிற் பேசுவதன்று.

துப்புரவாக்கும் முறை

நீர் இறங்கும் குழாயின் வாயருகே தொடங்குங்கள். அங்கிருந்து இலையை அள்ளிக்கொண்டே மறு நுனி நோக்கிப் போக வேண்டும். மறு நுனியிலே தொடங்கித் தள்ளிக்கொண்டு வந்தால் குப்பை யாவும் குழாய்க்குள் இறங்கும். சிறிய சாந்தகப்பையோ, பிளாஸ்ரிக் போத்தலைச் சரிவாக வெட்டிய கோரியோ அள்ளுவதற்குப் போதும். வாளியைக் கொளுக்கியால் ஏணியிலே மாட்டிக்கொண்டால் இரு கையும் ஓய்வாக இருக்கும். நிரம்பிய வாளியைக் கையிலே பிடித்தபடி இறங்காமல், கயிற்றிற் கட்டிக் கீழே விடுங்கள்.

ஏணியில் நிற்கும்போது இடுப்பு ஏணியின் இரு கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். இன்னும் ஒரு முழம் எட்டினால் முடிந்துவிடும் என்ற ஆசைதான் பலரை வீழ்த்துகின்றது. எட்டாத இடம் வந்தால் இறங்கி ஏணியை நகர்த்துங்கள். பத்துத் தடவை இறங்கி ஏற நேரினும் குற்றமில்லை. ஏணியின் மேலுள்ள மூன்று படிகளிலே கால் வைத்தல் ஆகாது. ஓட்டின்மேலோ அஸ்பெஸ்ரஸ் தகட்டின்மேலோ ஏற முயலாதீர்கள். வெயிலிலும் மழையிலும் பல்லாண்டு கிடந்த தகடு, பார்வைக்கு உறுதியாயிருந்தும், கால் வைத்ததும் உடைந்துவிடும். அத்தகட்டிலுள்ள பாசியைக் காய்ந்த நிலையிலே சுரண்டுவதும் கேடு. அதிலிருந்து பறக்கும் நுண்ணிய நார் சுவாசப்பையைக் கெடுக்கும்.

இலையை அள்ளிய பின் பழைய தும்புத்தடியாலோ தூரிகையாலோ பக்கங்களையும் அடியையும் தேய்த்துவிட்டு, மறு நுனியிலிருந்து ஒரு வாளி நீரை மெல்ல ஊற்றிப் பாருங்கள். குழாயின் அடியிலே நீர் தங்குதடையின்றி வந்தால் நல்லது. வராவிட்டால் அடைப்பு குழாய்க்குள்ளே இருக்கின்றது. இறப்பர்க் குழாயைக் கீழ்ப்புறமாக நுழைத்து நீரைப் பாய்ச்சியோ, வளையும் மூங்கிற் சிம்பால் இடித்தோ அதனைத் தளர்த்தலாம். கீழே நின்று செய்யக்கூடிய வேலை இது என்பதும் வசதியே.

சிறு பழுதுகள்

நீர் ஊற்றிப் பார்க்கையில் எங்காவது குளம்போல் நின்றால், அவ்விடத்துத் தாங்கி இறங்கியிருக்கின்றது என்பது பொருள். 10 அடி நீளத்துக்குக் கால் அங்குலம் என்ற அளவிலாவது பீலி குழாயை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். தாங்கிகளுக்கிடையே 3 அடிக்கு மேல் இடைவெளி இருத்தல் ஆகாது. பொருத்துக்களில் ஒழுகினால், நன்றாகக் காயவிட்டுத் துடைத்த பின்பே பசை பூச வேண்டும். ஈரத்தில் பூசிய பசை முதல் மழைக்கே விட்டுவிடும்.

குழாயின் வாயிலே கம்பி வலையைப் பந்துபோற் சுருட்டி வைத்தால் இலையும் பந்தும் உள்ளே இறங்கா. ஆனால் வலை வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக உறங்கவும் கூடாது; வலையின்மேல் இலை படிந்தால் அதுவே அடைப்பாகும். பீலியின்மேல் கவிந்து நிற்கும் கிளைகளை வெட்டிவிடுதல் பாதி வேலையைக் குறைக்கும்.

குழாயால் இறங்கும் நீரைச் சுவரடியிலே விடாமல், 4 அடியேனும் தள்ளி விடுங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே நமது கிணறுகள் யாவும் மழை ஊட்டிய நிலத்தடி நீரையே நம்பியிருக்கின்றன. ஆதலால், மலசலகூடக் குழிக்குத் தொலைவிலே சிறு கிடங்கு வெட்டிக் கல்லும் மணலும் நிரப்பி, அந்நீரை அதிலே இறக்கிவிடுதல் வருங்காலக் கிணற்றுக்கு நாம் செய்யும் உபகாரம். தொட்டியிலே மழைநீர் சேமிப்போர் முதல் ஓரிரு பாட்டத்து நீரை வெளியே விட்டு, கூரை கழுவுண்ட பின்னரே சேர்க்க வேண்டும். தொட்டியின் வாயை நுண்வலையால் மூடவும் மறவாதீர்கள்.

யார் ஏறுவது?

இதுவரை ஏறும் முறையைச் சொன்னோம். ஏறாதிருக்கும் முறையையும் சொல்லியாக வேண்டும். அறுபது வயதைக் கடந்தோர், தலைச்சுற்று உள்ளோர், இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்போர் ஏணியை விட்டு விலகியிருப்பதே நன்று. மாடி வீட்டுப் பீலியில் எவரும் தாமாக ஏற வேண்டாம்; அதற்கென்று பழகிய தொழிலாளர் உளர். அவர்களுக்குக் கொடுக்கும் ஒரு நாட் கூலி, ஆசுபத்திரிச் செலவிலே எத்தனையில் ஒரு பங்கு என்பதை எண்ணிப் பாருங்கள். அவர்கள் வந்தாலும் ஏணியைப் பிடிக்க ஒருவர் நிற்பது நமது கடமை. கூலி வாங்குபவருக்கும் இடுப்பெலும்பு ஒன்றே.

தவறி எவரும் வீழ்ந்துவிட்டால், பதற்றத்திலே தூக்கி நிறுத்தவோ நாற்காலியில் இருத்தவோ வேண்டாம். கிடந்தபடியே அசையாமல் வைத்து, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்சை வரவழையுங்கள்.

பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்க, முதிய தம்பதியர் தனித்து வாழும் வீடுகள் இன்று நம்மூர்களிலே பெருகிவிட்டன. எவரையும் உபத்திரவப்படுத்தக்கூடாது என்ற நல்லெண்ணமே அவர்களை ஏணியில் ஏற்றுகின்றது. அயலிலுள்ள இளைஞர்களே, உங்களை அவர்கள் கூப்பிடமாட்டார்கள். நீங்களாகவே போய்க் கேளுங்கள். கடல் கடந்து வாழும் பிள்ளைகளே, ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியிலே “சாப்பிட்டீங்களா?” என்று கேட்பதோடு, “பீலி துப்புரவாக்கியாச்சா? ஆர் ஏறினது?” என்றும் கேளுங்கள்.

சென்ற ஞாயிறு மாஸ்ரர் வீட்டுப் பீலி துப்புரவாயிற்று. அயலிலுள்ள இளைஞர் இருவர் வந்தனர்; ஒருவர் ஏறினார், ஒருவர் ஏணியைப் பிடித்தார். மாஸ்ரர் முற்றத்திலே நாற்காலியில் அமர்ந்தபடி, ஊன்றுகோலால் வானத்தைச் சுட்டி, “தம்பி, அந்த மூலை... இறங்கி ஏணியை அரக்கி வை, எட்டாதை” என்று வகுப்பிலே போலவே ஆணையிட்டுக்கொண்டிருந்தார். மனைவியார் உள்ளிருந்து தேநீர் கொண்டுவந்தார். ஒன்றரை மணி நேரத்திலே எல்லாம் முடிந்தது. வாளியிலே கிடந்த காய்ந்த வேப்பிலையை மாஸ்ரர் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்பப் போட்டுவிட்டார்.

நேயர்களே, வானம் இன்னும் வெளித்தே இருக்கின்றது. இவ்வாரத்திலேயே ஒரு காலைப் பொழுதைப் பீலிக்கு ஒதுக்கிவிடுங்கள்.